முழு ஃபேரிங் பைக்கில் பேட்டரி மாற்றுவது: எதைக் கழற்ற வேண்டும், எதைக் கழற்றக் கூடாது?

1. மேற்குமலைப் பயணி (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2011ஆம் ஆண்டு வாங்கிய காவாசாகி நிஞ்ஜா 250ஆர். வேலை நிமித்தமாக மூன்றரை மாதம் வெளியூரில் இருந்துவிட்டுச் சென்ற வாரம்தான் திரும்பினேன். சாவியைத் திருப்பினால் மீட்டர் விளக்குகள் மங்கலாக எரிகின்றன. செல்ஃப் பொத்தானை அழுத்தினால் இருக்கைக்கு அடியிலிருந்து 'டக் டக்' என்ற ஓசை மட்டும் வருகிறது, இன்ஜின் சுழலவே இல்லை. இந்த வண்டிக்குக் கிக்கரும் கிடையாது.

அருகிலுள்ள ஒரு பட்டறையில் கேட்டபோது, பேட்டரியை எட்ட வேண்டுமானால் ஃபேரிங் (வண்டியைச் சுற்றி மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) முழுவதையும் கழற்ற வேண்டும், இரண்டு நாள் வண்டியை விட்டுச் செல்லுங்கள் என்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பழுதுக்காக ஃபேரிங்கைக் கழற்றி மாட்டியபோது இடப்பக்கப் பேனலின் காது (திருகாணி மாட்டும் சிறு நீட்சி) ஒன்று உடைந்துவிட்டது. அன்றிலிருந்து 5000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் அந்தப் பேனல் அதிர்ந்து சத்தம் போடுகிறது. அதனால் இந்த முறை நானே மாற்றலாம் என்று நினைக்கிறேன். எதை முதலில் கழற்ற வேண்டும்? லித்தியம் பேட்டரி போடலாமா? இவ்வேலையைச் செய்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

2. ஆலந்தூர் பட்டறை (சென்னை)

வணக்கம் தம்பி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வண்டி வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வண்டியின் பேட்டரியை எடுக்க ஃபேரிங்கில் ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டியதில்லை. பேட்டரி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. சாவியைப் போட்டுப் பின்னிருக்கையை எடுங்கள். பிறகு இருபுறமும் உள்ள சைடு கவர்களைக் கழற்றினால், முன்னிருக்கையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும். அவற்றை எடுத்து இருக்கையைத் தூக்கினால் பேட்டரி கண்முன் நிற்கும். வண்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் மூடியிருப்பதைப் பார்த்தவுடன் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும் என்று எண்ணிவிடுகிறோம். பேட்டரி எங்கே இருக்கிறது என்பதை வண்டியோடு வந்த உரிமையாளர் கையேட்டில் பார்த்த பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பேட்டரி உண்மையில் செத்துவிட்டதா, அல்லது வெறுமனே காலியாகிக் கிடக்கிறதா என்று அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும். முழுதாகச் சார்ஜ் ஏறிச் சில மணி நேரம் ஓய்வில் இருந்த ஈய-அமில பேட்டரி 12.7 அல்லது 12.8 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி; 12.0க்குக் கீழே வந்துவிட்டால் காலிக்கு அருகில். சார்ஜ் ஏற்றிய உடனே அளந்தால் மேலோட்டமான வோல்டேஜ் அதிகமாகக் காட்டி ஏமாற்றிவிடும், ஆகவே குறைந்தது ஓர் இரவாவது விட்டுவிட்டு அளக்க வேண்டும். அதன் பிறகு மீட்டரின் முனைகளை பேட்டரியில் வைத்தபடியே செல்ஃப்பை அழுத்துங்கள். இன்ஜின் சுழலும்போது வோல்டேஜ் 9.6க்குக் கீழே விழுந்தால் அந்தப் பேட்டரி இனி பயன்படாது.

இதைச் செய்யாமல் புதியது வாங்கிப் போட்டுவிட்டு, இரண்டே மாதத்தில் அதுவும் இறங்கிவிட்டது என்று திரும்பி வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் பலருடைய வண்டியில் கோளாறு பேட்டரியில் இருப்பதே இல்லை.

3. வைகைக்கரை (மதுரை)

நான் ஓட்டுவது கேடிஎம் ஆர்சி 390. இதிலும் பேட்டரி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் லித்தியம் பேட்டரிக்கு மாறினேன். பழைய பேட்டரி சுமார் 3 கிலோ எடை இருந்தது, புதியது 1 கிலோவுக்கும் குறைவு. செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுழலும் வேகமே வேறாக இருக்கிறது. வண்டியை ஒரு மாதம் நிறுத்தி வைத்தாலும் தானாக இறங்குவது மிகக் குறைவு. அடிக்கடி வெளியூர் செல்லும் உங்களுக்கு இதுவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

4. வடபனி (ரொறன்ரோ)

வணக்கம் உறவுகளே. ஃபேரிங்கைத் தொடாமல் பற்றரியை எடுக்க முடிகிற வண்டி வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். என்னுடையது பிஎம்டபிள்யூ ஆர்1200ஆர்டி. இதில் பற்றரி வலப்பக்க ஃபேரிங்கின் உள்ளே இருக்கிறது. அந்தப் பக்கப் பேனலைக் கழற்றாமல் அதைப் பார்க்கவே முடியாது. இங்கே நவம்பரில் வண்டியை நிறுத்தினால் ஏப்ரலில்தான் மீண்டும் எடுக்கிறோம் என்பதால் பற்றரி வேலை எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. பேனல் கழற்ற வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக என் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பேனலின் காதுகள் உடைவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, ஒரு திருகாணியை மறந்துவிட்டு இழுப்பது. கடைசித் திருகாணி எப்போதும் பார்வைக்கு எட்டாத இடத்தில், இரண்டு பேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்பில் இருக்கும். பேனல் அசைய மறுத்தால் பலத்தைக் கூட்டாமல், விளக்கைப் பிடித்துக்கொண்டு மீண்டும் தேடுங்கள். இரண்டாவது, இழுக்கும் திசை. பல பேனல்களில் உட்புறம் முளைபோன்ற நீட்சிகள் இருந்து றப்பர் வளையங்களுக்குள் செருகப்பட்டிருக்கும். அவை நேராக வெளிப்புறம் இழுத்தால் மட்டுமே கழலும். வேறு சில இடங்களில் கொக்கிகள் இருக்கும். அவற்றை முன்னாலோ பின்னாலோ நகர்த்திய பிறகுதான் தூக்க வேண்டும். மூன்றாவது, குளிர். பூச்சிய வெப்பநிலையில் பிளாஸ்டிக் வளையாது, முறிந்துவிடும். நான் வண்டியை அறைக்குள் கொண்டுவந்து சில மணி நேரம் கழித்தே கை வைப்பேன். இந்த மூன்றாவது தொல்லை உங்களுக்கு இல்லை. ஆனால் பல கோடைகளின் வெயிலில் நின்ற பிளாஸ்டிக்கும் அதே அளவுக்கு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கழற்றிய திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போடாதீர்கள். ஓர் அட்டைத் துண்டில் பேனலின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகாணி எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். அவை பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நீளம் மாறும். குட்டையாக இருக்க வேண்டிய இடத்தில் நீளமானதைப் போட்டு இறுக்கினால் அது உள்ளே இருக்கும் வயரையோ பெற்றோல் தாங்கியையோ போய் முட்டும். திரும்பப் பூட்டும்போது எல்லாத் திருகாணிகளையும் முதலில் விரலால் சில சுற்றுகள் ஏற்றிவிட்டு, அதன் பிறகே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டால் அடுத்த துளை விலகி நிற்கும்; அதை வலிந்து நேராக்கும்போதுதான் காது கீறி விடுகிறது.

ஜப்பானிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அவற்றில் உள்ள கூட்டல் குறித் திருகாணிகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் செய்யப்பட்டவை. கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக இறங்காது. அழுத்தித் திருகினால் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். திருகாணித் தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ் என்று அறிந்துகொள்ளலாம். அதற்கென்றே ஒரு திருப்புளி வாங்கி வைத்தது நான் செய்த மிகப் பயனுள்ள செலவு.

5. ஆலந்தூர் பட்டறை (சென்னை)

வடபனி ஐயா எழுதிய ஒவ்வொரு வரியும் பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியது. அத்துடன் பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பற்றியும் ஒன்று சேர்த்துவிடுகிறேன். நடுவில் சிறு வட்டம் உள்ள கிளிப்பைத் திருப்புளியால் நெம்பி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நடு வட்டத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே அழுத்தினாலே கிளிப் தளர்ந்து கையோடு வந்துவிடும். திரும்ப மாட்டும்போது நடுமுளையை மேலே தள்ளிவைத்து, துளையில் செருகிவிட்டு, மேற்பரப்போடு சமமாகும்வரை அழுத்தினால் போதும்.

லித்தியம் பற்றி வைகைக்கரை நண்பர் சொன்ன நன்மைகள் உண்மையே, மறுக்கவில்லை. எனினும் 2011ஆம் ஆண்டு வண்டிக்கு அதை உடனே பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. வண்டியில் பேட்டரிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது ரெகுலேட்டர். அது பழையதாகி 15 வோல்ட்டைத் தாண்டி அனுப்பினால் ஈய-அமில பேட்டரி சூடாகித் தன் ஆயுளைக் குறைத்துக்கொண்டு தாங்கும். லித்தியம் பேட்டரியோ 14.6 வோல்ட்டுக்கு மேல் தொடர்ந்து வந்தால் கெட்டுவிடும். அதைப் போலவே, சல்பேட் நீக்கும் வசதி உள்ள பழைய சார்ஜரை லித்தியத்தில் மாட்டக் கூடாது. ரெகுலேட்டர் நல்ல நிலையில் இருக்கிறது என்று அளந்து உறுதி செய்த பிறகு யார் வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம்.

தம்பி, உங்கள் வண்டிக்குரியது ஒய்டிஎக்ஸ்9-பிஎஸ் என்ற வகை, 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி. கடையில் எண்ணைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். பெயரின் நடுவில் 'எல்' என்ற எழுத்து வரும் வகைகளில் பாசிட்டிவ் முனை எதிர்ப்பக்கம் அமைந்திருக்கும்; உருவம் ஒத்துப்போகிறது என்று அதை வாங்கி வந்து, எட்டாத கேபிளை வலிந்து இழுத்து மாட்டியவர்கள் உண்டு. முடிவில் உள்ள 'பிஎஸ்' என்பது ஆசிட் தனிப் புட்டியில் வரும் என்பதைக் குறிக்கிறது. கடைக்காரர் உங்கள் முன்னாலேயே ஆசிட்டை ஊற்றி உடனே கையில் கொடுத்துவிடுவார். அப்படியே வண்டியில் மாட்டாதீர்கள். ஊற்றிய பிறகு அரை மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும், பின்னர் 0.8 அல்லது 0.9 ஆம்பியரில் ஐந்து முதல் பத்து மணி நேரம் முதல் சார்ஜ் ஏற்ற வேண்டும். இந்த முதல் சார்ஜைத் தவிர்த்த பேட்டரி தன் முழுக் கொள்ளளவை அதற்குப் பிறகு ஒருபோதும் எட்டுவதில்லை. வாடிக்கையாளர் அவசரப்படுகிறார், கடைக்காரர் விட்டுக்கொடுக்கிறார். இழப்பு மட்டும் வாங்கியவருக்கே. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

6. மேற்குமலைப் பயணி (கோயம்புத்தூர்)

உங்கள் இருவருக்கும் மிக்க நன்றி. ஃபேரிங்கைத் தொடாமல் இருபதே நிமிடத்தில் பேட்டரியை எடுத்துவிட்டேன். பேட்டரி முதலில் 10.4 வோல்ட் காட்டியது. நண்பரிடம் சார்ஜர் வாங்கி 0.8 ஆம்பியரில் ஓர் இரவு முழுவதும் ஏற்றினேன். மறுநாள் மாலை 12.1 இருந்தது. வண்டியில் மாட்டிச் செல்ஃப் அடித்தபோது இன்ஜின் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது, மீட்டரில் 7.9. ஆகவே பேட்டரி போய்விட்டது என்பது உறுதி.

இருந்தாலும் இது மூன்றரை மாதத்தில் இவ்வளவு இறங்கியது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. முன்பு ஒரு முறை இரண்டரை மாதம் நிறுத்தியிருந்தபோது முதல் அழுத்தலிலேயே இன்ஜின் உயிர்பெற்றது.

7. ஆலந்தூர் பட்டறை (சென்னை)

சரியான கேள்வி. சாவி அணைந்திருக்கும்போதும் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரை ஆம்பியர் அளக்கும் நிலையில் வைத்து, சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். நெகட்டிவ் கேபிளை பேட்டரியிலிருந்து கழற்றி, கேபிள் முனைக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். இந்த நிலையில் எக்காரணம் கொண்டும் செல்ஃப்பை அழுத்தக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். உங்கள் வண்டியில் அளவு ஓரிரு மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. கம்பெனியில் வராத ஏதாவது ஒன்றைப் பின்னர் பொருத்தியிருந்தால் முதலில் அதையே சந்தேகியுங்கள்.

8. மேற்குமலைப் பயணி (கோயம்புத்தூர்)

கண்டுபிடித்துவிட்டேன். அளவு 28 மில்லிஆம்பியர் வந்தது. சென்ற ஆண்டு திருட்டுக்கு அஞ்சி ஒரு ஜிபிஎஸ் கருவியை நேராக பேட்டரியில் இணைத்திருந்தேன். அதன் ஃபியூஸை எடுத்ததும் அளவு 1 மில்லிஆம்பியருக்கும் கீழே இறங்கியது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: 28 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளுக்கு 0.67 ஆம்பியர்-மணி, 8 ஆம்பியர்-மணி பேட்டரி பன்னிரண்டே நாளில் முழுதாகக் காலி. மீதி மூன்று மாதமும் அது காலியாகவே கிடந்திருக்கிறது. தினமும் வண்டி ஓட்டியபோது சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்ததால் இது தெரியவே இல்லை.

9. வடபனி (ரொறன்ரோ)

காலியாகக் கிடந்ததே அதைக் கொன்றிருக்கிறது. சார்ஜ் இல்லாத நிலையில் ஈயத் தகடுகளின்மேல் சல்பேட் படிகங்கள் கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் தகடு உயிர்பெறாது. இங்கே இன்னோர் ஆபத்தும் உண்டு. முழுச் சார்ஜில் உள்ள பற்றரி எங்கள் குளிர்காலம் முழுவதும் உறையாது. காலியான பற்றரியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரே என்பதால் பூச்சியத்துக்குச் சில பாகை கீழே போனாலே உறைந்து வெடித்துவிடும்.

கருவியைச் சாவியோடு அணையும் வயரில் இணைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் நிறுத்தி வைத்த வண்டியைக் காக்க வேண்டிய நேரத்தில் அது உறங்கிவிடும். பராமரிப்புச் சார்ஜரை மாட்டி வைப்பதே நல்லது. பிஎம்டபிள்யூ ஆர்1200 வரிசை வைத்திருப்போர் கவனிக்க: வண்டியிலுள்ள சார்ஜிங் துளை சாவியை அணைத்துச் சிறிது நேரத்தில் தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும், ஆதலால் கேன்-பஸ்ஸுக்கு (வண்டியின் மின்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கணினி வலையமைப்பு) ஏற்ற சார்ஜர் வேண்டும், அல்லது பற்றரியிலிருந்து நேரடியாக ஒரு வயரை வெளியே கொண்டுவந்து வைக்கலாம். நான் இரண்டாவதையே செய்திருக்கிறேன். அதனால் ஒவ்வோர் ஆண்டும் பேனலைக் கழற்றும் வேலை மிச்சமாகிறது. பற்றரியை மீண்டும் இணைத்த பிறகு, இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு அக்சிலரேட்டரை ஓரிரு முறை முழுதாகத் திருப்பிவிட்டால், கணினி அதன் நிலைகளைத் திரும்பக் கற்றுக்கொள்ளும்.

10. தேரிக்காடு (திருச்செந்தூர்)

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் வண்டி முழு ஃபேரிங் கொண்ட 2021 மாடல், ஃபியூயல் இன்ஜெக்ஷன். வழியில் பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

11. ஆலந்தூர் பட்டறை (சென்னை)

கொஞ்சமாவது சார்ஜ் மிச்சமிருந்தால் முடியும். முற்றிலும் செத்துவிட்டால் வண்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவும் இயங்காது. எவ்வளவு தூரம் தள்ளினாலும் பயனில்லை. பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. மேலும் இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது முகப்பு விளக்கை அணைக்க வழியில்லை. கடைக்கும் வீட்டுக்குமாகக் குறுகிய தூரமே ஓட்டுபவர்களின் பேட்டரிக்கு, செல்ஃப் அடித்துச் செலவான மின்சாரம் திரும்பி வருவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. காரிலிருந்து வயர் போட்டு உயிர்ப்பிக்க நேர்ந்தால், காரின் இன்ஜினை அணைத்து வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

12. மேற்குமலைப் பயணி (கோயம்புத்தூர்)

புதிய பேட்டரி போட்டாகிவிட்டது. ஈய-அமில வகையையே வாங்கினேன். கடையில் ஆசிட் ஊற்றிய பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து, காற்றோட்டமான திண்ணையில் வைத்து ஏழு மணி நேரம் முதல் சார்ஜ் ஏற்றினேன்.

கழற்றும்போது நெகட்டிவ்வை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதன் காரணம் கையில் ஸ்பேனரைப் பிடித்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. வண்டியின் சட்டம் முழுவதும் நெகட்டிவ்வோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ்வைத் தளர்த்தும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் பேட்டரியின் மொத்த மின்சாரமும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். என் வண்டியில் பாசிட்டிவ் முனைக்கும் இருக்கைச் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. முனையிலுள்ள சதுரக் குழிக்குள் நட் இறங்கிவிடுவதால் போல்ட்டின் நுனி அதை எட்டவில்லை. மூன்று முறை நட் வெளியே விழுந்து, ஒரு முறை சட்டத்தின் இடுக்கில் போய்ச் சிக்கியது. கடைசியில் பஞ்சுத் துண்டு ஒன்றை நட்டுக்கு அடியில் வைத்தேன், நட் மேலே வந்து நின்றது, போல்ட் எளிதாக ஏறியது. அடுத்த முறை கீழே ஒரு துணியையும் விரித்துக்கொள்வேன்.

இன்ஜினை இயக்கி 4000 ஆர்பிஎம்மில் அளந்ததில் 14.3 வோல்ட். ஆகவே ரெகுலேட்டர் நலமாக இருக்கிறது. ஜிபிஎஸ் வயரில் ஒரு சிறு சுவிட்ச் வைத்துவிட்டேன். வெளியூர் போகும்போது வண்டி பூட்டிய அறைக்குள் இருக்கும் என்பதால் அப்போது அதை அணைத்துவிடலாம். தெருவில் நிறுத்தும் நாட்களில் அது இயங்கும்.

13. வைகைக்கரை (மதுரை)

மகிழ்ச்சி. பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். திறந்த வெளியில் அதை உடைத்து ஈயத்தை உருக்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகையும் ஆசிட்டும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் உடலில் போய்ச் சேர்கின்றன. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. புதியதை வாங்கிய கடையிலேயே கொடுத்தால் விலையில் ஒரு தொகையும் கழிப்பார்கள்.

லித்தியம் குறித்து ஆலந்தூர் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு என் வண்டியையும் அளந்தேன். 5000 ஆர்பிஎம்மில் 14.4. மனம் நிம்மதியானது, ஆனால் இதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

14. மேற்குமலைப் பயணி (கோயம்புத்தூர்)

பழையதை வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டேன், நண்பரே. அந்த உடைந்த காதையும் சரிசெய்யலாமா என்று கேட்க நினைத்திருந்தேன்.

15. ஆலந்தூர் பட்டறை (சென்னை)

செய்யலாம். பேனலின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பிளாஸ்டிக் என்று அச்சில் பதித்திருக்கும். ஏபிஎஸ் என்று இருந்தால், அதே பிளாஸ்டிக்கின் சிறு துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, உடைந்த இடத்தில் உட்புறமாகப் பூசி, ஒரு மெல்லிய வலைத்துண்டை வைத்து மேலும் ஒரு பூச்சுப் பூசுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் பழைய காதைவிட உறுதியாக இருக்கும். பிபி என்று பதித்திருந்தால் அசிட்டோன் அதைக் கரைக்காது. சூடு வைத்து ஒட்டுபவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். அசிட்டோன் வெளிப்புறப் பெயின்ட்டில் ஒரு துளி பட்டாலும் பெயின்ட் உரிந்துவிடும், எனவே முன்பக்கத்தை முழுதாக மூடிக்கொள்ளுங்கள்.

16. மேற்குமலைப் பயணி (கோயம்புத்தூர்)

ஏபிஎஸ் என்றே பதித்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். சுவிட்சை அணைத்துப் பன்னிரண்டு நாள் வண்டியைத் தொடாமல் வைத்திருந்து இன்று காலை அளந்தேன்: 12.7 வோல்ட். முதல் அழுத்தலிலேயே இன்ஜின் எழுந்துவிட்டது.